எழுபத்திரண்டு சென்டிமீட்டர்

புதுக் கார் வீட்டுக்கு வந்து அன்றோடு இருபத்து மூன்று நாள், நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. முதல் நாளைக் கழித்துவிட்டால் மீதி எல்லா நாளும் அது இடது பக்கம் இழுத்தது. முதல் நாள் இழுக்கவில்லையா என்றால், அன்று யாரும் கவனிக்கவில்லை. புது மாப்பிள்ளையின் குறட்டை முதல் நாளே யார் காதில் விழுகிறது?

இந்தக் கணக்கை வைத்திருந்தவள் மாஸ்டரின் மனைவி. பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருக்கிறாள். எந்தக் குடுவையில் எத்தனை மில்லி, இந்த வருடம் எத்தனை பியூரெட் உடைந்தது என்று எழுதி எழுதி, எதையும் அளக்காமல் விட அவளுக்கு மனசு வராது.

மாஸ்டர் என்பது அவள் கணவருக்கு ஊர் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூலில் முப்பத்தொரு வருடம் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஊரில் பிரேக்கை மிதிக்கும் கால்களில் பாதி அவர் பழக்கிய கால்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கார் வாங்கினார். சின்னக் கார், சாம்பல் நிறம். அதைத்தான் அன்று மதியம் நான்காவது தடவையாக சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். சாலையோர மரத்தின் கிளை ஒன்று அவள் பக்கத்து ஜன்னலைத் தடவிவிட்டுப் போனது.

"பாத்தியா, இழுக்குது" என்றார்.

"ம்."

"நான் ஒண்ணுமே பண்ணல. அதுவா ஓரத்துக்குப் போகுது."

"ம்."

அவருடைய சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு படிவம் இருந்தது. காரைத் திரும்ப எடுத்து வேறு யாருக்காவது விற்றுக் கொடுக்கும்படி கேட்கும் படிவம். காலையில் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்ததை அவள் தண்ணீர் வைக்கிற சாக்கில் படித்துவிட்டாள். 'வண்டியில் குறை இல்லை. ஓட்டுகிறவருக்கு வயதாகிவிட்டது.'

"ஒரு தடவை யோசிங்களேன்" என்றாள் இப்போது.

"யோசிச்சாச்சும்மா. பஸ் இருக்கு. கால் இருக்கு. வீம்புக்கு ஓட்டி யார் மேலயாவது ஏத்திட்டா?"

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். பைக்குள் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தது மூக்குக்கண்ணாடி இல்லை.

*

கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க முயன்றார். மூன்றே நாள். மூன்றாம் நாள் காலை, விளையாட்டு மைதானத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்லாக இருந்த இடத்தில், இருந்த ஒரே ஒரு கோல் கம்பத்தில் போய் அவள் காரை இடித்தாள். எந்த மாணவனிடமும் குரலை உயர்த்தாத மனிதர், "இறங்கு" என்று கத்திவிட்டார். அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் கியரிலேயே அவள் பின்னால் வீடுவரை வந்தார். வீட்டு வாசலில், "காபி போடட்டுமா?" என்று கேட்டார். அவருக்குக் காபி போடத் தெரியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடிந்தது என்றால், பாடம் முடிந்தது. பேச்சு எங்கே முடிந்தது? அவர் அதை ஒரு கதையாக்கிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், எந்த விசேஷத்துக்குப் போனாலும், சுற்றி நாலு பேர் கிடைத்தால் போதும்.

"நாலாயிரம் பேரை ஓட்ட வெச்சவன் நான். பல்லு போன பெரியவர் ஓட்டினாரு. கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத வக்கீல் ஓட்டினாரு. என் சர்வீஸ்ல ஒரே ஒருத்திகிட்டதான் தோத்தேன்." இங்கே ஒரு இடைவெளி விடுவார். "இன்னிக்கு வரைக்கும் அவ போடற சோத்தைத்தான் தின்னுட்டு இருக்கேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கதையைச் சொல்லி முடித்ததும் அவர் முதலில் திரும்பிப் பார்ப்பது அவள் முகத்தைத்தான். அந்தப் பார்வைக்காகவே இருபத்தெட்டு வருடமும் அவள் சரியான இடத்தில் சிரித்து வந்தாள்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கால்களைப் பார்த்துக்கொண்டே ஊர் சுற்றிவிட்டார். ஒரு நாளாவது பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டும். ஓட்டுகிறவள் தானாக இருக்கட்டும். நகரத்தின் மறுகோடியில் ஒரு பெண் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் இருந்தது. பள்ளி விட்டதும் அங்கே போனாள். வீட்டில் ஆய்வகக் கணக்கெடுப்பு என்று சொன்னாள். கணக்கெடுப்பு நாற்பத்து மூன்று நாள் நடந்தது.

"அப்படி என்னம்மா இருக்கு உங்க லேப்ல? அணுகுண்டா?" என்று மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

"பிப்பெட்டுங்க. நிறைய பிப்பெட்."

முதல் தேர்வில் தோற்றாள். இரண்டாவதில் லைசென்ஸ் கைக்கு வந்தது. அவருடைய பிரிவு உபசார நாளன்று, கூட்டம் முடிந்ததும் அதை அவர் கையில் கொடுப்பதாகத் திட்டம். ஆனால் மாஸ்டர் ஏற்புரையில் அந்தக் கதையைச் சொன்னார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவ்வளவு அழகாக அதைச் சொன்னதே இல்லை. மண்டபம் குலுங்கியது. அவர் குரல் உடைந்து, கண் கலங்கி, அவளைத் திரும்பிப் பார்த்தார். லைசென்ஸை வைத்திருந்த கண்ணாடிக் கூட்டை அவள் பைக்குள் போட்டு மூடிவிட்டாள். வேலையும் போய், அந்தக் கதையும் போய்விட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்?

*

கார் வந்த நான்காம் நாளே மாஸ்டர் அதை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அங்கே சக்கரங்களைப் பார்ப்பவர் குள்ளமான, தடித்த மனிதர். எந்திரம் காட்டும் எண்ணை நம்பினாலும், கடைசியில் காரின் இரு பக்கமும் மீன்பிடி நைலான் நூலை இழுத்துக் கட்டி, சக்கரம் அதற்கு இணையாக நிற்கிறதா என்று குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அதனால் அவரை நூல்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

நூல்காரர் நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். எல்லாம் சமம். ஒன்பதாம் நாள் சக்கரங்களின் கோணத்தை எந்திரத்தில் பார்த்தார். நூலிலும் பார்த்தார். ஒரு மயிரிழை விலகல் இல்லை. மாஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டிக் காட்டினார்.

"நேராத்தானே போகுது, மாஸ்டர்?"

"நீ ஓட்டினா நேராப் போகுது" என்றார் மாஸ்டர். பழக்கத்தில் அவர் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடிக் காலடி விரிப்பை மிதித்தபடி இருந்தது. "நீ ஸ்டியரிங்கை முழி பிதுங்கற மாதிரி பிடிச்சிருக்க. அது எங்கிட்டுப் போகும்?"

பதினேழாம் நாள் மூன்று காரியம் நடந்தது.

காலை பத்து மணிக்கு மாஸ்டர் வருடாந்தரக் கண் பரிசோதனைக்குப் போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் ஓட்டக்கூடாது என்று பஸ்ஸில் போனார். கார் வாசலில் நின்றது. மாலையில் நூல்காரர் வந்து அதை எடுத்துப்போவதாக ஏற்பாடு.

பதினொன்றேகால் மணிக்கு, பள்ளிக்கு லீவு போட்டிருந்த அவள் காரை எடுத்தாள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கார் இழுக்கிறதா, இல்லையா? கால் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் இழுத்தாள். பள்ளிக்கூட மதிலை ஒட்டிய மண் சந்து வழியாகப் புறவழிச் சாலைக்குப் போய், ஒன்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தாள். கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

திரும்பி வரும்போது மண் சந்தில் அதைப் பார்த்தாள். புழுதியில், போகிற திசையில் இரண்டு ஜோடித் தடங்கள். ஒன்று, சற்று முன்னால் அவள் போனது. இன்னொன்று, விடிகாலையில் மாஸ்டர் செய்தித்தாள் வாங்கப் போனது. ஒரே கார், ஒரே டயர், ஒரே திசை. இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகச் சந்து முழுக்க ஓடின. அவருடையது மட்டும் இடது பக்கம் சாக்கடை மூடியை ஒட்டிப் போயிருந்தது.

இழுக்கிற கார் என்றால் தடம் போகப் போக விலக வேண்டும். இது விலகவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியே இருந்தது.

அவள் காரைச் சந்திலேயே நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குந்தி உட்கார்ந்து அளந்தாள். எழுபது சென்டிமீட்டர்.

காருக்குத் திரும்பி இடது சீட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் சந்தின் இடது ஓரம் மிக அருகில் தெரிந்தது. வலது சீட்டுக்கு மாறினாள். அதே ஓரம் எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை என்று இருந்தது. பியூரெட்டைக் கண் மட்டத்துக்கு மேலே நின்று படிக்கிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அவள் தினமும் சொல்வதுதான். "நீ நிக்கற இடத்தை மாத்து. அளவு மாறும்." பாடப்புத்தகத்தில் அதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர்.

மாஸ்டர் முப்பத்தொரு வருடமாக இடது சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தவர். ஸ்கூல் கார் ஸ்கூலிலேயே நிற்கும். காலையில் முதல் மாணவர் எடுப்பார், மாலையில் கடைசி மாணவர் விடுவார். அவர் நடந்து போய் நடந்து வருவார். ஓரம் இவ்வளவு பக்கத்தில் தெரிந்தால் கார் சரியாகப் போகிறது என்று அவர் கண்ணுக்குப் பழகிவிட்டது. இப்போது வலது சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதே ஓரம் அதே அளவு பக்கத்தில் தெரிகிறவரை காரை இடது பக்கம் கொண்டுபோகிறார். கை அதைத் தானாகச் செய்கிறது. மனசுக்குக் கார் இழுப்பதாகப் படுகிறது.

ஒரு சீட்டின் நடுவிலிருந்து இன்னொரு சீட்டின் நடுவை அளந்தாள். எழுபத்திரண்டு. இரண்டு சென்டிமீட்டர் பிழையை எந்த ஆய்வகமும் மன்னிக்கும்.

சந்தோஷத்தில் ஒன்றை மறந்தாள். சீட்டைப் பின்னால் தள்ளவில்லை.

மாலையில் நூல்காரர் வந்து காரை எடுத்துப்போனார். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். டயரில் கோளாறு என்றால் இழுப்பு வலது பக்கம் மாறும். அப்போதும் கார் நேராகத்தான் போனது. ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். பிரேக் எதிலாவது கவ்வினால் அந்தச் சக்கரம் சுடும். எதுவும் சுடவில்லை. மறுநாள் காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது.

"பாரு, அடுத்தவன் சீட்டை நகர்த்தினா திரும்ப வைக்கணும்கிற மரியாதைகூட இல்ல" என்றார்.

நூல்காரரிடமும் போனில் அதைச் சொன்னார். நூல்காரர் தான் சீட்டைத் தொடவே இல்லை என்றார். மாஸ்டர், "சரி சரி, விடு" என்றார். விடு என்பது சாதாரணச் சொல்தான். ஆனால் நூல்காரருக்கு அது தைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நாள் நூல்காரர் மாஸ்டரை லாரிகள் நிற்கும் பெரிய திடலுக்கு அழைத்துப்போய், காரை ஓட்டச் சொல்லி, "இப்ப கையை எடுங்க" என்றார். மாஸ்டர் எடுத்தார். கார் நேராகப் போனது. கையை வைத்தார். அது இடது ஓரத்தை நோக்கிப் போனது. மறுபடி எடுத்தார். நேராகப் போனது.

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வயசுக்கு ஏத்த கண்ணு" என்று அந்தக் கண் டாக்டர் சொன்னபோது சிரித்தவர், இப்போது அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, ஒருவேளை நீங்க இத்தனை நாள் இடது சீட்ல உக்காந்தவரு, அதனால..."

மாஸ்டர் அவள் தலையைச் செல்லமாகத் தட்டினார். "ஸ்டியரிங்கைத் தொட்டவங்க பேசட்டும்மா." அதில் கேலி இருந்தது, கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கண்ணாடிக் கூட்டை அப்போதே எடுத்து நீட்டியிருப்பாள்.

மூன்று நாள் கழித்துப் படிவத்தை எழுதினார்.

*

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை வாங்கிப் படித்தாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தாள்.

"என்னை ஞாபகம் இருக்கா, மாஸ்டர்? ரிவர்ஸ் எடுக்க மூணு வாரம் ஆச்சு எனக்கு."

"ரெண்டு வாரம்தான்" என்றார் அவர். "மூணாவது வாரம் நீ பயத்துல வரவே இல்ல."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பை மறைத்துக்கொண்டு பேனாவை நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து. நிச்சயமா வேண்டாமா மாஸ்டர்?"

மாஸ்டர் பேனாவை வாங்கினார். மனைவி அவருடைய விரல்களைப் பார்த்தாள். நடுங்காத விரல்கள். நாலாயிரம் பேரின் ஸ்டியரிங்கைத் தக்க நேரத்தில் ஒரு பொட்டுத் திருப்பிவிட்ட விரல்கள். இனிமேல் அவை பஸ் கம்பியைப் பிடிக்கப் போகின்றன, எந்தக் குற்றமும் செய்யாமல்.

நூல்காரர் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார்.

"கையெழுத்து போடுங்க. உங்க வண்டி, உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். சீட்டை நகர்த்தினது நான் இல்ல."

"அதை இன்னுமா மனசுல வெச்சிருக்க?"

"வெச்சிருக்கேன், மாஸ்டர். அன்னிக்கு சாயங்காலம் உங்க வாசல்ல ஏறி உக்காந்தேன். சீட் எனக்கு அளவெடுத்து வெச்ச மாதிரி இருந்துச்சு. நீங்க எவ்வளவு உயரம், நான் எவ்வளவு உயரம்? உங்க சீட்ல உக்காந்தா எனக்கு கிளட்ச்சே எட்டாது. அப்போ எனக்கு எப்படி வசதியா இருந்துச்சு? ரெண்டு நாளா யோசிச்சேன்." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு முன்னாடி என் உயரத்துல யாரோ ஓட்டியிருக்காங்க. வீட்டுல வேற யாரு ஓட்டுவாங்க?"

மாஸ்டர் பேனாவைக் கவுன்டரில் வைத்தார். முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது. கேட்க நாலு பேர் இருந்தார்கள். பில் கட்ட நின்றவரும் திரும்பினார்.

"எங்க வீட்டுலயா? நாலாயிரம் பேரை ஓட்ட வெச்சவன் நான். பல்லு போன பெரியவர் ஓட்டினாரு. வக்கீல் ஓட்டினாரு. என் சர்வீஸ்ல ஒரே ஒருத்திகிட்டதான் தோத்தேன்."

வழக்கமான இடைவெளியை விட்டார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதிலிருந்த அட்டையைப் படிவத்தின் மேல், கையெழுத்துக் கோடு மறையும்படி வைத்தாள். அட்டையில் அவள் படம் இருந்தது. படத்திலும் அவள் கொஞ்சம் பயந்துதான் இருந்தாள்.

மாஸ்டர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். அட்டையைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"ஸ்டியரிங்கைத் தொட்டவங்க பேசட்டும்னு சொன்னீங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி இருந்தது. அதனால் இன்னொரு தடவை, சற்று உரக்க ஆரம்பித்தாள்.

"பதினேழாம் நாள், பதினொண்ணேகால் மணிக்கு. ஒன்பது கிலோமீட்டர். உங்க கையில ஒரு குறையும் இல்லங்க, நீங்க உக்காந்த இடம்தான் மாறிப்போச்சு. சீட்டை இழுத்தது நான்தான். நான் ஓட்டினேன்."